பீடத்துக்கும் கமராவுக்கும் இடையிலுள்ள தூரம்

1. கைத்தொலைபேசி எழுப்பும் வினா

மாத்தளை மாவட்டத்திலுள்ள வஹகோட்டை என்னும் கிராமம், கண்டி அரசர் காலத்தில் அப்பிரதேசத்திற் குடியமர்ந்த போர்த்துக்கீசரின் வழிவந்தோராக வரலாற்றிற் பேசப்படும் கத்தோலிக்க மக்களாலும், அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவந்த புனித அந்தோனியார் திருத்தலத்தாலும் இலங்கை எங்கணும் பெயர் பெற்றது. சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் பேதமின்றித் திரளும் இத்தகைய திருத்தலம் எதனை எடுத்துக்கொண்டாலும், திருவிழா நாளில் இக்காலத்துக்கே உரிய காட்சி ஒன்றைக் காணலாம். திருச்சொரூபம் பவனியாக வெளிவரும் க்ஷணத்திலே நூற்றுக்கணக்கான கைகள் மேலே உயர்கின்றன. ஒவ்வொரு கையிலும் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. அதே வேளையில், நேரடி ஒளிபரப்பு நடைபெறுமாயின், கூட்டத்துக்குப் பின்னால் உயர்த்திய ஒரு மேடையின்மீது, ஒருவர் தனியே தூக்கவும் இயலாத பெரியதொரு கமரா, கனத்த முக்காலியிற் பொருத்தப்பட்டு, தடித்த வடம் ஒன்றால் தொலைவில் நிற்கும் வண்டியுடன் பிணைக்கப்பட்டு நிற்கிறது.

இவ்விரண்டையும் ஒருங்கே காண்பவர் உள்ளத்தில் ஒரு சந்தேகம் எழுவது இயல்பே. கைத்தொலைபேசி எடுக்கும் 4கே காட்சியில் குறுக்கே 3840 புள்ளிகளும் நெடுக்கே 2160 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் ஏறத்தாழ 83 இலட்சம். பெருங்கமராக்கள் பலவும் அனுப்பும் உயர்தெளிவுத் தொலைக்காட்சிப் படத்திலோ 1920-க்கு 1080, அதாவது ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளிகளே உள்ளன. நான்கில் ஒரு பங்கு புள்ளிகளைக் கொண்டு வரையும் யந்திரத்துக்கு, ஒரு வீட்டின் விலையைக் கொடுத்து வாங்கும் அவசியம் என்ன?

இவ்வினாவுக்கு விடையைக் கமராவின் உள்ளே தேடுவோர் காணமாட்டார்கள். கமரா நிற்கும் இடத்திலும், அது நோக்கும் பொருள் இருக்கும் தூரத்திலும், அவ்விடத்தின் ஒளியிலும், ஒரு செக்கனுக்குள் நிகழும் காலப்பகுப்பிலுமே விடை இருக்கிறது. ஆதலின், கலையகத்துக்கோ வெளிக்களத்துக்கோ கமராத் தொகுதியைத் தெரிவு செய்ய முற்படுவோர், விலைப்பட்டியலைப் புரட்டுமுன் இடத்தை அளக்க வேண்டும் என்பதே இவ்வத்தியாயம் நிலைநாட்டக் கருதும் உண்மை. அளக்கும் முறையை ஒரே உதாரணத்தைக் கொண்டு, படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

2. தூரம் விதிக்கும் கணக்கு

திருவிழாத் திருப்பலிக்கென முற்றத்திலே அமைத்த பீடத்திலிருந்து 36 மீட்டர் தள்ளி, மக்கள் கூட்டத்தின் பின்னால், கமரா மேடை நிற்கிறதெனக் கணக்கின் பொருட்டு வைத்துக்கொள்வோம். மறையுரை ஆற்றும் குருவானவரின் முகமும் மார்பும் திரையை நிரப்ப வேண்டும், அதற்கு 1.2 மீட்டர் அகலமுள்ள காட்சி போதும். ஆகவே தூரமானது காட்சியின் அகலத்தைப்போல் 30 மடங்கு.

இங்கே இரண்டு சொற்களை விளக்கிக்கொள்வோம். வில்லையினூடாக வந்த பிம்பம் விழுந்து மின்குறியாக மாறுகின்ற சிறு தகட்டை ‘உணரி’ என்போம். வெகு தூரத்திலுள்ள பொருளின் பிம்பம் உணரியில் தெளிவாக விழுவதற்கு வில்லைக்கும் உணரிக்கும் இடையே வேண்டப்படும் தூரத்தைக் ‘குவியத்தூரம்’ என்போம். இவ்விரண்டையும் இணைக்கும் விதி மிக எளியது: காட்சியின் அகலத்தைப்போல் தூரம் எத்தனை மடங்கோ, உணரியின் அகலத்தைப்போல் குவியத்தூரமும் அத்தனை மடங்காக இருத்தல் வேண்டும். கணிதத்தில் முக்கோணங்களின் ஒப்புமையைப் படித்தவர்கள் இதனை உடனே உணர்வர். படியாதவர்களும் இதனை நம்பிக் கணக்கிடலாம், ஒருபோதும் பிழைக்காது.

தொலைக்காட்சிக் கமராக்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் உணரியின் அகலம் 9.6 மில்லிமீட்டர். அதன் 30 மடங்கு 288 மில்லிமீட்டர். நம்முடைய மேடையிலிருந்து குருவானவரின் முகத்தைத் திரை நிறையக் காட்ட 288 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள வில்லை வேண்டும் என்பது இதனாற் பெறப்படுகிறது.

இனிக் கைத்தொலைபேசியை அதே மேடையில் வைத்துப் பார்ப்போம். அதன் பிரதான வில்லை விசாலமான காட்சிக்கென அமைக்கப்பட்டது. குவியத்தூரம் உணரியின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. எனவே அது காணும் காட்சியின் அகலம் தூரத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 54 மீட்டர். அந்த 54 மீட்டரில் நமக்கு வேண்டிய 1.2 மீட்டர் 45-இல் ஒரு பங்கு. குறுக்கேயுள்ள 3840 புள்ளிகளை 45 ஆற் பங்கிட்டால், குருவானவரின் முகத்துக்கும் மார்புக்கும் கிடைப்பவை 85 புள்ளிகள் மாத்திரமே. மூன்று மடங்கு அணுக்கமாகக் காட்டும் இரண்டாவது வில்லை அத்தொலைபேசியில் இருந்தாலும் 256 புள்ளிகளே கிடைக்கும். விரலால் திரையை விரித்துப் படத்தைப் பெரிதாக்குவது, இருக்கும் புள்ளிகளை இழுத்துப் பரப்புவதன்றிப் புதிய புள்ளி ஒன்றையும் படைப்பதாகாது. பெருங்கமராவோ தன்னிடமுள்ள 1920 புள்ளிகளையும் அந்த 1.2 மீட்டருக்கே அர்ப்பணம் செய்கிறது.

83 இலட்சத்தையும் 21 இலட்சத்தையும் எதிரெதிரே நிறுத்தித் தொடங்கிய விவாதம், 85-ஐயும் 1920-ஐயும் எதிரெதிரே நிறுத்தும்போது தலைகீழாகிவிடுகிறது. படத்திலுள்ள புள்ளிகளின் தொகையை அன்றி, வேண்டிய பொருளின்மீது விழும் புள்ளிகளின் தொகையையே நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். அதனைத் தீர்மானிப்பது வில்லையும் தூரமுமே.

3. சிறிய உணரியின் நியாயம்

திரைப்படம் எடுப்போர் 36 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய உணரிகளைப் புகழ்ந்து பேசக் கேட்டவர்கள், தொலைக்காட்சியினர் 9.6 மில்லிமீட்டரோடு திருப்தியடைவது ஏன் என்று வினவலாம். வர்த்தகத்தில் இச்சிறிய உணரிக்கு ‘மூன்றில் இரண்டு அங்குலம்’ என்று பெயர். பழைய கமராக்களில் இருந்த வெற்றிடக் குழாய்களின் புறவிட்டத்தைக் குறித்த பெயர் அது. உணரியின் மூலைவிட்டம் உண்மையில் 11 மில்லிமீட்டரே ஆதலால், அப்பெயரைக் கொண்டு கணக்கிடுவோர் ஏமாறுவர்.

நம்முடைய 30 மடங்கு விதியைப் பெரிய உணரிக்கும் பிரயோகித்துப் பார்ப்போம். 36-இன் 30 மடங்கு 1080 மில்லிமீட்டர். ஒரு மீட்டரைக் கடந்த குவியத்தூரத்தையும், அதனோடு விசாலமான காட்சியையும் ஒரே வில்லைக்குள் அடக்கி, போதிய ஒளியையும் உள்ளே விடச் செய்வது, பாரத்தாலும் விலையாலும் நடைமுறைக்கு ஒவ்வாதது. உணரி சிறிதாகச் சிறிதாக, அதே முகத்தை அதே தூரத்திலிருந்து பிடிப்பதற்கு வேண்டிய வில்லையும் சிறிதாகிறது. நீண்ட தூரத்தைச் சிறிய வில்லையால் வெல்லும் பொருட்டு அறிந்தே செய்த தெரிவுதான் 9.6 மில்லிமீட்டர்.

இன்னொரு பயனும் உண்டு. ஒரே துவார அளவில் ஒரே காட்சியை எடுக்கும்போது, பெரிய உணரியிற் பொருளின் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் பெரிதும் குறுகிவிடும். சிறிய உணரியில் அது விரிந்து நிற்கும். ஒத்திகை பார்த்து, நடிகர் நிற்கும் இடத்தைத் தரையிற் குறித்து, ஒரே காட்சியைப் பலமுறை எடுக்கும் திரைப்படத்துக்குக் குறுகிய ஆழம் ஓர் அழகு. எவரும் ஒத்திகை பாராத பவனியிலே, சுமப்போர் தோளில் அசைந்தசைந்து கமராவை நோக்கி வரும் திருச்சொரூபத்துக்கு அதுவே ஆபத்து. ஓரடி பிசகினால் முகம் மங்கிவிடும், அந்தக் க்ஷணம் மீண்டும் வாராது.

4. வில்லையும் முக்காலியும்

288 மில்லிமீட்டர் வேண்டும் என்று கண்டோம். ஆனால் அதே கமரா சற்று முன்னர் முற்றம் முழுவதையும் காட்டியிருக்க வேண்டும். பின்னர் ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மெல்ல நெருங்கிக் குருவானவரின் முகத்தை அடைய வேண்டும். குவியத்தூரத்தை இடையறாது மாற்றவல்ல ‘உருப்பெருக்க வில்லை’, அதாவது சூம் வில்லை, இதற்கென ஏற்பட்டது. கைத்தொலைபேசி ஒரு வில்லையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடத்திலே காட்சி துள்ளுவதைப் பலரும் கவனித்திருப்பர். தொலைக்காட்சி வில்லையின் உத்தமமான குணம் யாதெனில், அகன்ற காட்சியிலிருந்து அண்மைக் காட்சிவரை செல்லும் பயணம் முழுவதிலும், ஒருமுறை கூர்மைப்படுத்திய தெளிவு சிறிதும் குலையாமல் நிற்பதே. அக்குணத்துக்காக உள்ளே பல கண்ணாடிகள் ஒன்றையொன்று அனுசரித்து நகர்கின்றன. விலையின் பெரும்பகுதி அந்த நுட்பமான நகர்வுக்கே செல்கிறது.

தோளிற் சுமக்கும் கமராக்களுக்குரிய வில்லைகளில், 7.6-இலிருந்து 168 மில்லிமீட்டர்வரை, 22 மடங்கு செல்லும் வகை மிகவும் பழக்கமானது. நமக்கு வேண்டிய 288 அதற்கு அப்பாற்பட்டது. வில்லையினுள்ளே திருப்பிப் பொருத்தும் இரட்டிப்பான் ஒன்று இருந்தால் எல்லை 336-க்கு உயரும். ஆனால் உணரியை அடையும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். மறுபுறம், விளையாட்டரங்குகளுக்கென ஃபுஜிஃபில்ம் நிறுவனம் செய்த பெட்டி வடிவ வில்லை ஒன்று 8.4-இலிருந்து 900 மில்லிமீட்டர்வரை, 107 மடங்கு செல்லும். நமது 288-ஐ அது இரட்டிப்பான் இன்றியே, ஒளி குன்றாமலே தரும். ஆனால் அதன் பாரம் 20 கிலோவுக்கும் மேல்.

முக்காலி இங்கே முக்கியத்துவம் பெறுகிறது. 288 மில்லிமீட்டரில் கமரா காணும் கோணம் ஏறத்தாழ 2 பாகை. பாகையில் பத்தில் ஒரு பங்கு அசைந்தாலும், படம் தன் அகலத்தில் இருபதில் ஒரு பங்கு பக்கவாட்டில் தள்ளாடும். மேடைப் பலகையின்மீது ஒருவர் நடந்தாலே அவ்வளவு அசைவு நேர்ந்துவிடும். கமராவுக்கு இலட்சக்கணக்கிற் செலவிட்டு, முக்காலிக்கும் எண்ணெய்த் தடை கொண்ட அதன் தலைக்கும் சில்லறையை மிச்சம் வைப்பவர்கள், வாங்கிய தெளிவு முழுவதையும் நடுக்கத்திலே இழப்பார்கள். கமரா மேடையை மக்கள் நடமாடும் பலகைகளோடு சேர்க்காமல் தனியே நிலத்தில் ஊன்றுவதும் இக்காரணத்தாலேயே.

5. ஒளி விதிக்கும் கணக்கு

தூரத்தின் கணக்கு முடிந்தது. இனி ஒளியின் கணக்கு. ஒரு பரப்பின்மீது விழும் வெளிச்சத்தை ‘லக்ஸ்’ என்னும் அலகால் அளப்பர். நண்பகல் வெயிலில் ஏறத்தாழ ஓர் இலட்சம் லக்ஸ் விழும். இரவில் மின்விளக்கேற்றிய தேவாலயத்தினுள்ளே நூறு லக்ஸ் இருப்பதும் அரிதாகலாம். நம் கண் இவ்விரண்டையும் அறியாமலே சமாளித்துவிடுகிறது. கமராவோ கணக்குக் கேட்கிறது.

கமரா செய்வோர் தம் யந்திரத்தின் ஒளியுணர்வைச் சொல்லும் முறை ஒன்றுண்டு. வெண்மையான அட்டையின்மீது 2000 லக்ஸ் வெளிச்சம் விழும்போது, வில்லையின் துவாரத்தை எந்த எண் அளவில் வைத்தால் படம் முழு வெண்மையைத் தருமோ, அந்த எண்ணைப் பதிந்துவைப்பார்கள். துவார எண்கள் 2, 2.8, 4, 5.6, 8, 11 என்று செல்லும்; ஒவ்வொரு படி ஏறுந்தோறும் ஒளி பாதியாகும். நம் கமராவின் எண் 11 என்று கொள்வோம். துவாரத்தை 2-க்குத் திறந்தால் ஐந்து படிகள் இறங்குகிறோம். ஒவ்வொரு படிக்கும் வேண்டிய வெளிச்சம் பாதியாவதால், 2000 என்பது 1000, 500, 250, 125 எனக் குறைந்து 62-இல் வந்து நிற்கும். மாலைத் திருப்பலியின் சாதாரண விளக்குகளே போதும்.

ஆனால் இரட்டிப்பானைப் பொருத்தினால் துவாரம் 2 என்பது 4 ஆகிவிடும். வேண்டிய வெளிச்சமும் 62-இலிருந்து 250-க்கு ஏறும். பீடத்தின்மீது 250 லக்ஸ் இல்லையெனில், மின்குறியைச் செயற்கையாகப் பெருக்க நேரும். பெருக்கினால் கருமையான இடங்களில் மணல் தூவியது போன்ற இரைச்சல் தோன்றும். ஆகவே சிறிய வில்லையை வாங்கியவர் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியை விளக்குகளுக்குச் செலுத்தியே ஆக வேண்டும். தூரமும் ஒளியும் இவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றைத் தெரிவு செய்தல் இயலாது.

4கே கமரா வேண்டுமா என்ற வினாவுக்கும் இங்கேதான் விடை காணலாம். 9.6 மில்லிமீட்டர் அகலத்தை 1920 புள்ளிகளாற் பங்கிட்டால் ஒரு புள்ளிக்கு 0.005 மில்லிமீட்டர் கிடைக்கும். 3840 புள்ளிகளாற் பங்கிட்டால் அகலம் பாதியாகி, பரப்பு நான்கில் ஒரு பங்காகிறது. ஒரு புள்ளியில் வந்து சேரும் ஒளியும் அவ்வாறே குறைகிறது. பார்ப்பவர்களிற் பெரும்பாலோர் கைத்தொலைபேசியின் திரையிலும் வீட்டுத் தொலைக்காட்சியிலும் உயர்தெளிவுப் படத்தையே பெறுவார்களாயின், இருட்டிலே இரைச்சல் பெருகும் 83 இலட்சம் புள்ளிகளைக் காட்டிலும் தூய்மையான 21 இலட்சம் புள்ளிகளே மேலானவை.

6. மூன்று வர்ணங்களின் பிரிவினை

உணரி தானாக வர்ணத்தை அறியாது. ஒளி மிகுந்ததா குறைந்ததா என்பதையே அறியும். ஆதலின் செம்மை, பசுமை, நீலம் என மூன்றாகப் பிரித்தே அதற்குக் காட்ட வேண்டும். இதற்கு இரு வழிகள் உள்ளன. கொடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவரின் பெயரால் வழங்கும், 1976-இல் உரிமம் பெற்ற முறையில், ஒரே உணரியின் ஒவ்வொரு புள்ளியின்மேலும் ஒவ்வொரு வர்ணக் கண்ணாடி வைக்கப்படும். பாதிப் புள்ளிகள் பசுமையையும், காற்பங்கு செம்மையையும், காற்பங்கு நீலத்தையும் அறியும். விடுபட்ட வர்ணங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு யந்திரம் ஊகித்துக்கொள்கிறது. கைத்தொலைபேசியும் திரைப்படக் கமராவும் இவ்வழியைப் பின்பற்றுகின்றன.

இரண்டாவது வழி, வில்லைக்குப் பின்னால் ஓர் அரியத் தொகுதியை வைத்து, வந்த ஒளியை மூன்று வர்ணங்களாகப் பிரித்து, மூன்று தனித்தனி உணரிகளுக்கு அனுப்புவது. குழாய்க் கமராக்களின் காலத்தில், 1960-களில், ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தார் செம்மைப்படுத்திய இவ்வமைப்பு, 1969-இல் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டறிந்து, பின்னாளில் அவர்களுக்கு 2009-ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கைப் பெற்றுத்தந்த மின்னேற்ற உணரி குழாய்களின் இடத்தைப் பிடித்த பின்பும் நிலைத்துநின்றது. இதில் ஊகம் என்பதே இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று வர்ணமும் அளந்து பெறப்படுகின்றன. வர்ணக் கண்ணாடிகள் விழுங்கிவிடும் ஒளியும் வீணாகாமல் உரிய உணரியைச் சேர்கிறது. குருவானவரின் திருவுடையிலுள்ள நுண்ணிய பொன்னிழைகளில் இல்லாத வர்ணங்கள் மின்னாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

7. காலத்தின் ஒழுங்கு

இலங்கையின் மின்சாரம் செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடும் ஆடலோட்டம். இதனால் பல விளக்குகள், சிறப்பாகத் திருவிழாக்களிற் கட்டப்படும் மலிவான அலங்கார விளக்குகள், செக்கனுக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. கண் இதனை உணராது. கமரா ஒவ்வொரு படத்துக்கும் செக்கனில் 50-இல் ஒரு பங்கு நேரம் ஒளியை ஏற்குமாயின், அந்நேரத்துக்குள் சரியாக இரண்டு ஒளிர்வுகள் அடங்கும். எல்லாப் படங்களும் ஒரே பிரகாசம் பெறும். 60-இல் ஒரு பங்கு நேரம் ஏற்குமாயின், ஒன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைந்த ஒளிர்வே அடங்கும். அது எந்தப் பகுதியில் தொடங்கி எந்தப் பகுதியில் முடிகிறது என்பதைப் பொறுத்துப் படத்துக்குப் படம் பிரகாசம் வேறுபட்டு, காட்சி துடிக்கும். வேறு தேசத்து அமைப்பிலேயே விடப்பட்ட கைத்தொலைபேசியில் அலங்கார விளக்குகள் அலையலையாய் நெளிவதன் இரகசியம் இதுவே.

இலங்கைத் தொலைக்காட்சியின் வரலாற்றிலும் இந்த 50 என்னும் எண் பதிந்திருக்கிறது. 1979 ஏப்ரல் 13-இல் முதலாவது தொலைக்காட்சிச் சேவை இந்நாட்டில் ஆரம்பமாயிற்று. 1982 பெப்ரவரி 15-இல் ஜப்பானிய அரசாங்கத்தின் நன்கொடையால் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. ஜப்பான் தன் நாட்டில் செக்கனுக்கு ஏறத்தாழ 30 படங்கள் கொண்ட முறையைக் கையாண்டபோதிலும், இலங்கைக்கு ஏற்றது 25 படங்கள் கொண்ட ‘பால்’ முறையாகவே இருந்தது. நன்கொடை எங்கிருந்து வந்தாலும், காலக்கணக்கு உள்ளூரின் மின்சாரத்துக்கு இசைந்திருக்க வேண்டும். இன்று கமரா வாங்குவோரும் முதலிற் கேட்க வேண்டிய வினாக்களில் ஒன்று, இது 25-இலும் 50-இலும் இயங்குமா என்பதே.

காலம் இன்னொரு விதத்திலும் ஒழுங்கைக் கோருகிறது. மூன்று கமராக்கள் ஒரே நிகழ்ச்சியைக் காட்டும்போது, மூன்றும் ஒவ்வொரு படத்தையும் ஒரே க்ஷணத்தில் தொடங்க வேண்டும். இல்லையேல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் பாதிப் படம் ஒன்றிலும் பாதிப் படம் மற்றொன்றிலுமாகச் சிதையும். தேவாலயத்தின் பாடகர் குழாம் நடத்துநரின் கையசைவுக்கு இசைந்து ஒரே மூச்சில் அடியெடுப்பது போல, எல்லாக் கமராக்களும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் ஒரே துடிப்புக்கு இசைந்து படத்தைத் தொடங்குகின்றன. இதனை ‘ஒத்திசைப் பூட்டு’ எனலாம். இவ்வசதி இல்லாத கமராக்களை ஒன்றாகச் சேர்ப்பதற்கு, வரும் படங்களைச் சிறிது நேரம் தேக்கிவைத்து அனுப்பும் கருவி வேண்டும்; ஒரு படம் தேங்கினால் 40 மில்லிசெக்கன் தாமதம். இத்தகைய தாமதங்கள் இரண்டு மூன்று சேர்ந்தாற் குருவானவரின் உதடு ஒன்றும் குரல் ஒன்றுமாகப் பிரிந்துவிடும்.

8. தனிக் கமரா அன்று, தொகுதி

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகும். கலையகக் கமரா என்று விற்கப்படுவது ஒரு பெட்டி அன்று, ஒரு தொகுதி. வில்லையும் உணரியும் கொண்ட தலைப்பகுதி மேடையில் நிற்கிறது. அதனை ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டி வண்டியிலோ அறையிலோ இருக்கிறது. இரண்டையும் இணைப்பது ஒரே வடம். முன்னாளில் அது செப்பாலானது. இப்பொழுது வழங்கும் கலப்பு வடத்தினுள்ளே இரண்டு ஒளியிழைகளும் சில செப்புக் கம்பிகளும் இருக்கின்றன. கமராவுக்கு வேண்டிய மின்வலு அதன்வழியே செல்கிறது. படம் அதன்வழியே வருகிறது. ஒத்திசைத் துடிப்பும், தயாரிப்பாளரின் குரலும், இப்போது ஒளிபரப்பில் இருப்பது இக்கமராவே என்று அறிவிக்கும் சிவப்பு விளக்கின் ஆணையும் அதன்வழியே செல்கின்றன. கணினிக்கும் திரைக்கும் இடையே நாம் பயன்படுத்தும் சாதாரண வடங்கள் சில மீட்டர்களில் களைத்துவிட, இவ்வடம் பல நூறு மீட்டர்களை எளிதிற் கடக்கும். முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து பவனி செல்லும் வீதியின் மறுகோடிவரை ஒளிபரப்ப விழைவோருக்கு இதன் அருமை புலனாகும்.

இத்தொகுதியின் மிகச் சிறந்த பயன், கமராவின் துவாரத்தையும் கருமையின் அளவையும் வர்ணத்தின் சமநிலையையும் மேடையில் நிற்பவரன்றி, அறையிலிருக்கும் பொறியியலாளர் ஒருவரே மூன்று கமராக்களுக்கும் ஒப்பச் சரிசெய்வது. மாலை வெயில் சாயச் சாயத் திருவுடையின் வெண்மை ஒரு கமராவில் மஞ்சளாகவும் மற்றொன்றில் நீலமாகவும் தோன்றாமல் இருப்பது அவருடைய இடையறாத கவனத்தாலேயே. மேடையிலிருப்பவரோ காட்சியை அமைப்பதிலும் தெளிவைக் காப்பதிலும் முழு மனத்தையும் செலுத்தலாம்.

கண்டி இராச்சியத்திலே தடைகளுக்கு நடுவே கத்தோலிக்கரைத் தேடிப் பணியாற்றிய யோசேப் வாஸ் அடிகளார், 2015 ஜனவரி 14-இல் கொழும்புக் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களாற் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டபோது, திடலில் இருந்தவர்களிலும் பெரும்பாலோர் பீடத்தைக் கண்ணால் தெளிவாகக் கண்டிருக்க இயலாது. அத்தகைய பெருங்கூட்டத்திலே தூரத்தை வெல்வது, பல கமராக்கள் ஒரே தொகுதியாய் இயங்குவதனாலேயே சாத்தியமாகிறது.

9. தெரிவின் வரிசை

நம் உதாரணத்தைத் தீர்மானத்துக்குக் கொண்டுவருவோம். திருவிழாவுக்கு மூன்று கமராக்கள் போதும் என்று கொள்வோம்: 36 மீட்டரில் ஒன்று, பீடத்தின் அருகே, மக்களின் முகங்களையும் நற்கருணைக் காட்சியையும் காட்ட ஒன்று, பவனியோடு தோளிற் செல்ல ஒன்று. இவற்றுள் முதலாவதற்கு மாத்திரமே 288 மில்லிமீட்டர் வேண்டும். ஆண்டிற் சில நாட்களுக்கே தேவைப்படும் பெட்டி வடிவ வில்லையை அந்நாட்களுக்கு வாடகைக்கு எடுப்பதே விவேகம். எப்போதும் பயன்படும் 22 மடங்கு வில்லையைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். அருகே நிற்கும் கமராவுக்கு 6 மீட்டரில் 1.2 மீட்டர் காட்சி வேண்டுமெனில் தூரம் 5 மடங்கே. 48 மில்லிமீட்டர் போதும், எந்தச் சாதாரண வில்லையும் அதனைத் தரும். செய்தி வாசிக்கும் கலையகமும் இந்நிலையிலேயே இருக்கிறது. ஆதலாற் கலையகத்துக்கு நீண்ட வில்லையிற் பணத்தைக் கொட்டுவது வீண், விளக்குகளிற் செலவிடுவதே பயன்.

வில்லையைத் தெரிவு செய்தபின் கமராவின் தலைப்பகுதியைத் தெரிவு செய்யலாம். இதிலே ஒரு நன்மை உண்டு. மூன்றில் இரண்டு அங்குல உணரியுள்ள கமராக்களில், எந்த நிறுவனத்தின் வில்லையையும் எந்த நிறுவனத்தின் கமராவிலும் பொருத்தக்கூடிய ஒரே விதமான பூட்டுவளையம் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. சோனியாயினும் இக்கெகாமியாயினும் பனசோனிக் ஆயினும், கனன் அல்லது ஃபுஜினன் வில்லையை ஏற்கும். ஆகவே கமரா சில ஆண்டுகளிற் பழையதாயினும், நல்ல வில்லை அடுத்த கமராவுக்கும் உதவும். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் கமராக்களைத் தரவாரியாக வகுப்பதற்கும் சோதிப்பதற்கும் வெளியிட்டிருக்கும் முறைகளைப் பார்த்து, விற்பவர் சொல்லும் எண்களோடு ஒப்பிடுவதும் நன்று.

ஆக, வரிசை இது: முதலில் அளவு நாடாவைக் கொண்டு தூரத்தை அளக்க, அதனால் வில்லையைத் தீர்மானிக்க. இரண்டாவதாக, ஒளிமானியைக் கொண்டு பீடத்திலும் பக்தர் நிற்கும் இடத்திலும், பகலிலும் இரவிலும் லக்ஸை அளக்க. அதனால் உணரியையும் விளக்குகளையும் தீர்மானிக்க. மூன்றாவதாக, எத்தனை கமராக்கள் ஒன்றாய் இயங்க வேண்டுமெனக் கணக்கிட்டு, வடத்தையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் ஒத்திசைவையும் தீர்மானிக்க. முக்காலிக்கும் இயக்குவோரின் பயிற்சிக்கும் உரிய பங்கை ஒதுக்கியபின், எஞ்சிய பணத்துக்குக் கிடைக்கும் கமராத் தலைப்பகுதி எதுவோ அதுவே அவ்விடத்துக்கு ஏற்ற கமரா.

பங்குகளும் பாடசாலைகளும் சிறிய தொலைக்காட்சி நிலையங்களும் மக்கள் தந்த பணத்தைக் கொண்டே இச்சாதனங்களை வாங்குகின்றன. நோயினாலோ முதுமையினாலோ வர இயலாதவர்களுக்கும், கடல் கடந்து வாழ்பவர்களுக்கும், கமரா காட்டும் அளவே திருவிழா. அது காட்டாத முகத்தை அவர்கள் காணமாட்டார்கள். ஆதலால், விளம்பரத்திலுள்ள பெரிய எண்ணுக்கு மயங்காமல் முற்றத்தை அளந்து வாங்குவது, பணத்தைக் கொடுத்தோருக்கும் படத்தைப் பார்ப்போருக்கும் ஒருங்கே செய்யும் கடமை. ஓர் அளவு நாடாவும், ஓர் ஒளிமானியும், 30 மடங்கு என்று கணக்கிடத் தெரிந்த ஒருவரும் போதும். அந்தக் கடமையை எந்தக் கிராமத்தவரும் நிறைவேற்றலாம்.